தொட்டிலுக்கு முன் ஏழு ஜிக்குகள்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புள்ள பழனி,

போன வாரம் மூன்று முறை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. இடது கைக் கட்டைவிரலில் நான்கு தையல். வலது கையால் எடுத்திருக்கலாமே என்பாய். எடுத்திருந்தால் விரலைப் பற்றியா கேட்டிருப்பாய்? "தொட்டில் எங்கே?" என்றுதான் கேட்டிருப்பாய். அதற்குப் பதில் இல்லாததால்தான் இந்தக் கடிதம்.

குழந்தை குப்புற விழுந்துவிட்டாள் என்று கயல் படம் அனுப்பியிருந்தாள். உன் மூக்கு. பாவம். படத்தைப் பார்த்துச் சிரித்த கையோடு வயிற்றில் புளியும் கரைந்தது. வளைகாப்புப் பந்தியில், இலையில் பாயசம் இருக்கும்போதே, "தேக்குத் தொட்டில் என் பொறுப்பு" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவன் நான். "இந்தக் குழந்தைக்கா, இது பெற்றுப் போடப்போகும் குழந்தைக்கா?" என்று மணி அப்போதே கேட்டான். அவன் வாயில் கரிநாக்கு இருக்கிறது என்று நீ ஐ.டி.ஐ. காலத்திலிருந்து சொல்லிவருகிறாய். நான்தான் நம்பவில்லை.

தேக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. பழைய வீடு ஒன்றை இடித்தபோது கிடைத்த கதவுச் சட்டங்கள், நன்றாக உலர்ந்த மரம். இழைப்புளியை ஒரு தடவை ஓட்டியதும் கிளம்பிய எண்ணெய் வாசனைக்கு மல்லிகாவே சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், அந்த மரம் அப்படியே சுவரில் சாய்ந்து நிற்கிறது. இந்த ஏழு மாதத்தில் நான் செய்தவை ஏழு ஜிக்குகள், அதாவது மரத்தைச் சரியாக அறுக்கவும் துளைக்கவும் உதவும் துணைச் சாதனங்கள். மாதம் ஒன்று. எந்தக் குழந்தையும் அவற்றில் படுக்க முடியாது.

முப்பத்து நான்கு வருடம் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து, "இதை நாமே செய்வதா, வெளியில் வாங்குவதா" என்று கோப்புக் கோப்பாக எழுதியவன் நான். கூலி, மரம், இயந்திர நேரம் என்று எல்லாவற்றுக்கும் விலை போட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு என் நேரத்துக்கு மட்டும் விலை போட மறந்துவிட்டேன்.

முதலில் மேஜை ரம்பத்துக்கு ஒரு ஸ்லெட். உனக்குச் சொல்வதானால், லேத்தின் கேரியேஜ் மாதிரி: பலகையைச் சுமந்துகொண்டு ரம்பத்தின் குறுக்கே நேராக ஓட வேண்டும். எஸ்.பி. ரோட்டில், மேஜைப் பள்ளத்தில் ஓடும் அலுமினிய ஓட்டுச்சட்டம் வாங்கினேன். மேஜையில் இருக்கும் பள்ளத்தின் வழக்கமான அகலம் 19 மி.மீ.; சட்டமும் அந்தக் கணக்கில் செய்ததுதான். என் மெஷினின் பள்ளமோ பதினெட்டரை. மலிவு மெஷின் வாங்கிய புண்ணியம். சட்டம் உள்ளேயே இறங்கவில்லை. அதே தேக்கில் ஒரு துண்டு எடுத்து இழைத்து இழைத்துப் பொருத்தினேன். மழைக்காலத்தில் கொஞ்சம் இறுகுகிறது, மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஓடுகிறது. கடைக்காரனுக்கு என் மெஷின் தெரியாது, எனக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் வாங்குவதைவிடச் செய்வதுதான் சரி என்று இன்றும் சொல்வேன்.

ஸ்லெட்டில் பலகையை ஒட்டி வைக்கும் தடுப்புச் சட்டம் ரம்பத்துக்குச் சரியாக 90 பாகையில் நிற்கிறதா என்று பார்க்க மூலைமட்டத்தை வைத்தேன். கண்ணுக்குச் சரி. அப்புறம்தான் ஐந்து வெட்டுச் சோதனை என்ற பைத்தியம் பிடித்தது. ஒரு பலகையை எடுத்து, அறுத்த பக்கத்தைத் தடுப்போடு ஒட்டி வைத்து, திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் அறுக்க வேண்டும். ஐந்தாவதாக முதல் பக்கத்திலேயே ஒரு நீளத் துண்டு. கோணத்தில் உள்ள பிழை வெட்டுக்கு வெட்டு சேர்ந்து, கடைசித் துண்டில் நான்கு மடங்காக வந்து நிற்கும். எனக்கு வந்த துண்டின் நீளம் 400 மி.மீ.; ஒரு முனைக்கும் மறு முனைக்கும் அகல வித்தியாசம் 0.8. நான்கால் வகுத்தால் 0.2. தடுப்புச் சட்டம் சுழலும் திருகாணியிலிருந்து அதன் மறு கோடிக்கு 600 மி.மீ. என்பதால் அங்கே 0.3 நகர்த்த வேண்டும். எதை வைத்து 0.3 நகர்த்தினேன் தெரியுமா? என் ஸ்கூட்டருக்கென்று நீ கொடுத்த ஃபீலர் கேஜ், அந்த இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள். ஸ்கூட்டரை விற்று இருபது வருடம் ஆகிறது. அடுத்த சோதனையில் வித்தியாசம் 0.1. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். மல்லிகாவை எழுப்பிச் சொன்னேன். "இந்தக் கணக்கில் தொட்டில் எப்போது வருகிறது?" என்றாள்.

மற்ற ஆறைப் பற்றி எழுதப்போவதில்லை. இரண்டை ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை என்பது மட்டும் போதும். சாய்வாகத் துளை போட்டுத் திருகாணியை மறைக்கும் பாக்கெட் ஹோல் ஜிக்கை மட்டும் காசு கொடுத்து வாங்கினேன். 15 பாகைச் சாய்வில் எஃகுக் குழல், படி வைத்த டிரில் பிட். வாங்கியதில் வருத்தமே இல்லை. மரத்திலேயே வழிகாட்டி செய்து பார்த்தேன். இருபது துளைக்குள் பிட் வழிகாட்டியையே தின்றுவிட்டது.

சுப்பையா சார் நினைவிருக்கிறதா? "ஜிக் என்றால் கருவிக்கு வழிகாட்டுவது, ஃபிக்ஸ்சர் என்றால் வேலையைப் பிடித்துக்கொள்வது." நீ மாற்றி எழுதி ஐம்பது முறை இம்போசிஷன் வாங்கினாய், அதில் பாதியை நான் எழுதிக் கொடுத்தேன். அவர் கணக்கில் பார்த்தால் என் ஏழில் நான்கு ஃபிக்ஸ்சர்தான். நல்லவேளை, அவர் என் பட்டறைக்கு வரவில்லை.

சரி, விரல். ஸ்லெட்டை ஒரு வெட்டின் முடிவுவரை தள்ளும்போது, ரம்பம் பின்சட்டத்தைத் துளைத்துக்கொண்டு நம் பக்கம் வெளியே வரும். வருகிற இடத்தில் கனமான கட்டை ஒன்றை ஒட்டி ரம்பத்தை மூடிவிட வேண்டும். எல்லா ஸ்லெட்டிலும் அது உண்டு. எனக்கும் தெரியும். 0.1 மி.மீ.யைத் துரத்தும் அவசரத்தில் அந்தக் கட்டையை "நாளைக்கு" என்று விட்டிருந்தேன். அந்த நாளை ஐந்து மாதம் வரவில்லை. போன திங்கட்கிழமை கரண்ட் போகப்போகிறது என்று வேகமாகத் தள்ளினேன். கட்டைவிரல் சட்டத்தின் பின்னால் இருந்தது. வலியே தெரியவில்லை, பழனி. ஸ்லெட்டின் வெள்ளைப் பிளைவுட்டில் சிவப்பாக ஒரு பொட்டு, அப்புறம் இன்னொன்று. நகத்தின் ஓரமும் கொஞ்சம் சதையும் போயின. எலும்புக்கு ஒன்றுமில்லை.

ஆட்டோவில் துண்டைச் சுற்றிக்கொண்டு போகும்போது ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை வந்தது. எனக்குச் சண்முகத்தின் முகம்தான் தெரிந்தது. பிரஸ் மெஷினில் மாட்டிய அவன் கையை நீதான் உன் சட்டையைக் கழற்றிச் சுற்றினாய். நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குழாயடியில் போய் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அதை உன்னிடம் இத்தனை வருடமாகச் சொன்னதில்லை. தண்ணீர் ஏன் வரவில்லை என்று நீயும் கேட்டதில்லை. அன்று அந்தப் பிரஸ்ஸில் தடுப்பு இல்லை. "நாளைக்கு மாட்டுகிறோம்" என்று வைத்திருந்தார்கள். நாம் எவ்வளவு திட்டினோம்.

கட்டையை ஒட்டிவிட்டேன். தையல் போட்டு வந்த அன்று மாலையே, ஒரு கையால்.

இப்போது வேலைக்கு வருகிறேன். குப்புறத் திரும்பும் குழந்தையை ஆடும் தொட்டிலில் போடக் கூடாது. ஆகவே தொட்டில் இல்லை, கிராதி வைத்த கட்டில். மரக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் இருந்தால் குழந்தையின் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் 60 மி.மீ.க்கு மேல் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நான் 55 வைக்கிறேன். 20 மி.மீ. கம்பி, பக்கத்துக்குப் பதினைந்து. பதினாறு இடைவெளியும் சேர்த்து உள்நீளம் 1180. கம்பியின் முனைகளை 12 ஆக்கிச் சட்டத்தில் செருகினால், இரண்டு பக்கத்துக்கும் அறுபது துளை.

அறுபது துளைக்கு ஒரு ஜிக் வேண்டும். சிரிக்காதே. ஒரு முனையில் முந்தைய துளையில் இறங்கும் ஆணி, அங்கிருந்து சரியாக 75 மி.மீ. தள்ளி எஃகு புஷ், அதாவது பிட்டை நேராக இறக்கும் குழல். துளைக்குத் துளை பிழை சேருமே என்பாய். சேரட்டும், மேல் சட்டத்துக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் அதே ஜிக், ஒரே பக்கத்திலிருந்து. இரண்டிலும் ஒரே பிழை சேரும், கம்பி செங்குத்தாகத்தான் நிற்கும். இதைக் கண்டுபிடித்தபோது நீ பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.

புஷ்ஷை நீ கடைந்து கொடு. ஈ.என். 31 எஃகு, உள்விட்டம் 12, வெளிவிட்டம் 18, நீளம் 25. ஹார்டனிங் செய்துவிடு. பிட் சுற்ற எவ்வளவு இடம் விடுவது என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆணியும் இரண்டு. கார்த்திக் அடுத்த வாரம் உதய் எக்ஸ்பிரஸில் வருகிறானாமே, அவன் பையில் போட்டு அனுப்பு. மரம் என்னுடையது, எஃகு உன்னுடையது. பேத்தி உன்னுடையவள் என்பதால் கூலி கிடையாது.

மெத்தை வாங்கிவிட்டார்களா என்று கயலிடம் கேட்டு நீள அகலத்தை எழுது. அங்குலத்தில் வேண்டாம், மி.மீ.யில்.

உன்,
சுந்தரம்

பொள்ளாச்சிக்குப் போனால் அம்மாவைப் பார்த்துவிட்டு வா. விரலைப் பற்றிக் கேட்டால் கதவிடுக்கில் நசுங்கியது என்று சொல். மல்லிகாவும் அதையேதான் சொல்லியிருக்கிறாள். எந்தக் கதவு என்று கேட்டால் குளியலறைக் கதவு.