செயலாளர் ஆண்டறிக்கை: துப்பாக்கி அறையும் பிறவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

வராதவர்களுக்கும் இந்த அறிக்கையின் நகல் அனுப்பப்படும். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

நிர்வாகக் குழு வழக்கம்போல் கூடியது. ஆண்டுப் போட்டி நடந்தது, பரிசுகள் வழங்கப்பட்டன. புதியவர்களுக்கான பாதுகாப்பு வகுப்புகள் நடந்தன. இலக்குப் பலகைகள் மாற்றப்பட்டன. சுடுதளக் கூரையின் ஒழுக்கு அடைக்கப்பட்டது.

இனி துப்பாக்கி அறை. சென்ற பொதுக்குழுவில், "ஒரு அறைக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்டார்கள். நேரமாகிவிட்டது என்று என்னைப் பதில் சொல்ல விடவில்லை. எனவே அந்தப் பதில் இந்த அறிக்கையிலேயே இடம்பெறுகிறது.

நான் பொறுப்பேற்றபோது சங்கத்தின் துப்பாக்கிகள் எல்லாம் உறைக்குள் இருந்தன. உறைக்குள் இருந்தால் பத்திரம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். உறை என்பது கொண்டுபோய்க் கொண்டுவருவதற்கு. மாதக்கணக்கில் வைப்பதற்கு அல்ல. உள்ளே இருக்கும் நுரைமெத்தை ஈரத்தை உறிஞ்சி அதை இரும்போடு ஒட்டியே வைத்திருக்கும். தோல் உறை இன்னும் மோசம், பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் அதில் தங்கியிருக்கும். நாங்கள் திறந்து பார்த்த ஒரு ரைஃபிளில், மெத்தையின் புள்ளிகள் அப்படியே குழல்மேல் துருவாகப் பதிந்திருந்தன. குழலுக்குத்தான் நீலப்பூச்சு இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அந்தப் பூச்சும் இரும்பு ஆக்சைடுதான், மிக மெல்லியது. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ள உதவும். எண்ணெய் இல்லாமல் தனியாக அது பெரிதாக எதையும் தடுக்காது. ஸ்டெயின்லெஸ் குழல் வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருக்க வேண்டாம். அதுவும் துருப்பிடிக்கும், கொஞ்சம் தாமதமாக.

முதல் வேலையாக அலமாரிகளை வெளிச்சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் விலக்கினோம். அப்புறம் ஈரப்பதமானிகள் வாங்கினோம். மலிவான மானியை நம்ப முடியாது என்று குழுவிலேயே ஒரு ஆட்சேபம் வந்தது. நியாயமான ஆட்சேபம், ஆனால் அதற்கு வழி இருக்கிறது. ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் கூழாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு இரவு வைத்தால் அது 75 சதவீதம் காட்ட வேண்டும். நம்முடையதில் ஒன்று சரியாகக் காட்டியது. இன்னொன்று கூடுதலாகக் காட்டியது, அந்த வித்தியாசத்தை அதன் முதுகிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகம் பிடிக்கும். அதற்காக ஒரேயடியாக உலர்த்திவிடவும் முடியாது. இரும்புக்கு எவ்வளவு வறட்சியும் நல்லது, துப்பாக்கியின் பின்பகுதியான மரக்கட்டைக்கு அல்ல. அது சுருங்கி வெடிக்கும். எனவே 50 சதவீதத்தை ஒட்டி வைப்பது என்று முடிவு செய்தோம். பெரிய அலமாரியில் மின்சூட்டுத் தண்டு ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். அது காற்றைக் கொஞ்சம் சூடாக்கும், அவ்வளவுதான். சூடான காற்றில் ஒப்பு ஈரப்பதம் தானாகக் குறையும். சிறிய அலமாரிகளில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள். நீல நிற ஜெல்லில் உடலுக்குக் கெடுதலான கோபால்ட் குளோரைடு இருப்பதால், ஆரஞ்சு நிறத்தில் இருந்து பச்சையாக மாறும் வகையை வாங்கினோம். நிறம் மாறியதும் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் காயவைத்தால் திரும்பப் பயன்படும். தூக்கி எறிய வேண்டாம் என்று எழுதி ஒட்டிய பிறகும் குப்பைத் தொட்டியில் ஒரு பொட்டலம் கிடந்தது.

அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அரட்டை அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூட்டி வைப்பது பாதுகாப்பு விதி, அதை நான் நினைவூட்டவே தேவையிருக்கக் கூடாது. அது தவிர, கதவு திறந்திருந்தால் ஒரு பிடி ஜெல் அறை முழுவதின் ஈரத்தையும் குடிக்கப் பார்க்கும். அது நடக்காது.

அடுத்தது துடைப்பு ஏடு. துப்பாக்கியைத் திரும்ப வைக்கும் ஒவ்வொருவரும் குண்டு இல்லை என்று பார்த்து, துடைத்து, எண்ணெய் பூசி, கையெழுத்திட வேண்டும். ஏட்டைப் புரட்டினால் கையெழுத்து இருக்கிறது. குழலைப் பார்த்தால் கைரேகையும் இருக்கிறது. வியர்வை உப்பு சும்மா இருக்காது. ஈரமான நாளில் வைத்த விரல் தடம் வெகு சீக்கிரம் பழுப்பாகிவிடும். எண்ணெய் விஷயத்தில் எதிர்த் திசையில் தாராளம். ஊற்றத் தேவையில்லை, மெல்லிய படலம் போதும். மிஞ்சியது வழிந்து கட்டைக்குள் இறங்கி மரத்தை நசநசக்க வைக்கும். அதனால்தான் நீண்டகாலம் வைக்கும் ரைஃபிள்களைக் குழல்வாய் கீழாக நிறுத்துகிறேன். யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் அதை நிமிர்த்தி வைக்கிறார். யார் என்று நான் விசாரிக்கவில்லை.

கடையில் கிடைக்கும் டபிள்யூடி-40 தெளிப்பானை அடித்தால் போதாதா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. மழையில் நனைந்த துப்பாக்கியிலிருந்து தண்ணீரை விரட்ட நல்ல பொருள்தான். மாதக்கணக்கில் காக்க அதன் படலம் போதாது. வெளியே எடுக்காத பழைய துப்பாக்கிகளுக்கு இந்த ஆண்டு ரினைசான்ஸ் மெழுகு பூசினோம். 1950களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அரும்பொருட்களைக் காப்பதற்காக உருவாக்கியது. வழியாது, தூசியை ஒட்டவைக்காது, மரத்துக்கும் பூசலாம். "இவ்வளவு செலவா" என்ற கேள்வியில் இந்த மெழுகும் அடக்கம். ஒரு குழலுக்கு விரல்நுனி அளவுதான் பிடிக்கிறது என்பதைக் கேட்டவர் கவனிக்க வேண்டும்.

கீறல்களில் பாதி, நெருக்கி அடுக்குவதால் வருபவை. ஒன்றின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் பிடி பக்கத்து ரைஃபிளின் கட்டையை உரசும். இப்போது ஒரு இடம் விட்டு ஒரு இடம் வைக்கிறோம். சிலிக்கோன் தடவிய துணியுறையும் போட்டிருக்கிறோம். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டுத் துடையுங்கள். இடுப்புப் பட்டையின் கொக்கி மேல் சாய்த்துக்கொண்டு துடைக்காதீர்கள். குழலின் உட்புறக் கீறல் இன்னும் மோசம், அது துப்புரவுக் கம்பியால் வருவது. முடிந்த இடத்திலெல்லாம் பின்புறமிருந்தே, வழிகாட்டிக் குழாய் போட்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பியைத் துடைத்து விட வேண்டும். முன்புறமிருந்து விட்டுக் குழல்வாயின் விளிம்பைத் தேய்த்துவிட்டால் குறி சிதறும், அப்புறம் போட்டியில் நடுவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. துண்டு துண்டாக இணைக்கும் அலுமினியக் கம்பிகளை நான் எடுத்துவிட்டேன். மெத்தென்ற உலோகத்தில் மணல் பதிந்து அதுவே அரமாகிவிடும். கேட்காமல் எடுத்தது தவறு என்று ஒரு கடிதம் வந்தது. கோப்பில் இருக்கிறது.

நல்லெண்ணத்தோடு ஒரு உறுப்பினர், சங்க ரைஃபிளில் இருந்த சிறு துருவைத் துருநீக்கித் திரவம் கொண்டு துடைத்தார். துரு போனது. நீலப்பூச்சும் கூடவே போனது. திரவத்தில் இருந்த அமிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். மேலோட்டமான துருவுக்கு எண்ணெயும் மிக நுண்ணிய எஃகுக் கம்பளியும் வைத்து மெதுவாகத் தேய்த்தாலே போதும். அந்த உறுப்பினர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் பராமரிப்பு நாளுக்கு வந்த மிகச் சிலரில் அவரும் ஒருவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். வராமல் இருந்தவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை, அது உண்மைதான்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாக, வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்த அளவே. இடைவெளிக்குக் காரணம் துப்பாக்கி அறை அல்ல, சந்தா பாக்கி. பாக்கி வைத்திருப்போர் பட்டியலையும் அலமாரியில் சொந்தத் துப்பாக்கி வைத்திருப்போர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பல பெயர்கள் இரண்டிலும் இருக்கின்றன. அவர்களுடைய துப்பாக்கிகளுக்கும் அதே ஜெல், அதே மின்சாரம்.

தலைவருக்கும், குழுவினருக்கும், தணிக்கையாளருக்கும், சுடுதள ஊழியர்களுக்கும் நன்றி. ஜெல் பொட்டலங்களைத் தன் வீட்டு அடுப்பில் காயவைத்துத் தந்த துணைச் செயலாளருக்கும், அதைப் பொறுத்துக்கொண்ட அவருடைய குடும்பத்தாருக்கும் தனி நன்றி.

அடுத்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன் இரண்டாவது சூட்டுத் தண்டு தேவைப்படும். பாக்கி வந்தால் வாங்கலாம். வாராவாரம் ஈரப்பத ஏட்டை எழுதும் பொறுப்பையும் வேறு யாராவது ஏற்க வேண்டும். இந்தப் பதவியில் தொடர்வது பற்றி நான் இன்னும் முடிவு செய்யவில்லை, அந்த ஏட்டுக்கு எத்தனை பேர் முன்வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். துப்பாக்கி அறைக் கதவுக்கு வெளியே பெயர் எழுத ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். பேனாவையும் நூலில் கட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்