சைக்காலஜிக்கு எந்த யுனிவர்சிட்டின்னு கேக்குற பிள்ளைங்களுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மார்த்தாண்டத்துல சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கேன், ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டு குடுக்குற கடை. பிளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா ஷட்டர் தூக்குறதுக்கு முன்னாடியே வாசல்ல அம்மாமாரும் பிள்ளைங்களும் மார்க் ஷீட்டும் கையுமா நிப்பாங்க. முன்னாடியெல்லாம் நர்சிங், பி.காம், இன்ஜினியரிங் இதுதான் கேப்பாங்க, இப்ப கொஞ்ச வருஷமா "அண்ணா சைக்காலஜிக்கு எங்க போடலாம்"னு கேக்குற பிள்ளைங்க கூடிக்கிட்டே வருது. கேட்டா சந்தோஷமா இருக்கு, ஆனா அதுங்க காலேஜ் தேர்ந்தெடுக்குற விதத்த பாத்தா பயமா இருக்கு, அதனாலதான் உங்களுக்கு எழுதுறேன்.

எங்க அக்கா மகளுக்கே இந்த வருஷம் இதே பிரச்சினை வந்துச்சு. நல்ல மார்க், ரெண்டு இடத்துல சீட் கிடைச்சிருச்சு. ஒண்ணு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு கீழ உள்ள ஒரு காலேஜ், இன்னொண்ணு கேரளப் பல்கலைக்கழகத்துக்கு கீழ திருவனந்தபுரத்துல ஒரு காலேஜ். ரெண்டு இடத்துலயும் பணம் கட்ட கடைசி தேதி அடுத்தடுத்து வருது, வீட்டுல ஆளாளுக்கு ஒரு பேச்சு. மார்த்தாண்டத்துல இருந்து திருவனந்தபுரம் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர், குழித்துறையில ரயில் ஏறுனா போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்திரலாம். சென்னைன்னா 700 கிலோமீட்டருக்கு மேல, அனந்தபுரி எக்ஸ்பிரஸ்ல ஏறுனா ஒரு ராத்திரி முழுக்க போகணும், ஹாஸ்டல், சாப்பாடு, பொங்கலுக்கும் ஓணத்துக்கும் வந்து போற செலவு வேற. எங்க அத்தான் ரப்பர் பால் வெட்டுக்கு போறவரு, மழைக்காலத்துல வேலையே இருக்காது, அந்த வீட்டுல இது சின்ன கணக்கு இல்ல.

சொந்தக்காரங்க பேசுனது அதவிட கஷ்டம். எங்க பக்கம் யாரையாவது திட்டணும்னா "ஊளம்பாறைக்கு கொண்டு விடணும்"னு சொல்லுவாங்க, திருவனந்தபுரத்துல மனநல ஆஸ்பத்திரி உள்ள இடம் அது. மெட்ராஸ்காரங்க கீழ்ப்பாக்கம்னு சொல்லுத மாதிரி. ஒரு கல்யாண வீட்டு பந்தியில வச்சு ஒரு பெரியவரு எல்லாரும் கேக்க சொன்னாரு, "எங்க போனா என்ன, ஒண்ணு கீழ்ப்பாக்கம், இல்லாட்டி ஊளம்பாறை, பைத்தியத்துக்க படிப்பு தானே"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. பிள்ளை எலையில இருந்து பாதியில எந்திச்சு போயிட்டா. மனசு சரியில்லாதவங்கள பாக்க படிக்க போற பிள்ளைக்கே இந்த பேச்சுன்னா, உண்மையிலேயே மனசு சரியில்லாம கிடக்குறவங்க இந்த ஊருல யாருகிட்ட போயி வாய தொறப்பாங்க, நீங்களே சொல்லுங்க.

அவ ஏன் இந்த படிப்ப கேக்குறான்னு எனக்கு தெரியும். 2017 நவம்பர் கடைசியில ஓகி புயல் அடிச்சுதுல்லியா, அதுக்கு அடுத்த மாசங்கள்ல கடற்கரை ஊருகள்ல இருந்து நெறைய பேரு என் கடைக்கு ஃபார்ம் நிரப்ப வந்தாங்க. தூத்தூர் பக்கம் இருந்து ஒரு அம்மா வந்தாங்க, வீட்டுக்காரரு ஆழ்கடலுக்கு போனவரு திரும்பி வரல, உடலும் கிடைக்கல. நான் ஒவ்வொண்ணா கேட்டு டைப் பண்ணிட்டே வந்தேன், பேரு, அப்பா பேரு, முகவரி, அப்புறம் இறந்த தேதின்னு ஒரு கட்டம். யோசிக்காம கேட்டுட்டேன். அந்த அம்மா என்னையவே பாத்துக்கிட்டு இருந்துட்டு, "கடலுக்கு போன நாளு தெரியும் தம்பி, மத்தது எனக்கு எப்படி தெரியும்"னாங்க. நான் கீபோர்டுல இருந்து கைய எடுத்துட்டேன். எனக்கு ஒரு வார்த்தை வரல. அப்ப எங்க அக்கா மக நாலாங்கிளாஸ், ஸ்கூல் விட்டு வந்து ஸ்டூல்ல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிட்டு இருந்தா, அவ தன்னோட வாட்டர் பாட்டில கொண்டு போயி அந்த அம்மா கையில குடுத்தா. அவங்க தண்ணிய குடிக்கல, பிள்ளைக்க கைய பிடிச்சுகிட்டு அரை மணி நேரம் வீட்டுக்காரர பத்தியே பேசிகிட்டு இருந்தாங்க. அன்னைக்கு ராத்திரி இவ என்கிட்ட கேட்டா, "மாமா, அந்த அம்மா சொல்லுதத கேக்க ஆளே இல்லையா"ன்னு.

2004 சுனாமியில குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பக்கம் போனவங்க எத்தனை பேரு, அதுக்கப்புறம் ஓகி. நம்ம கடற்கரை முழுக்க இந்த மாதிரி அம்மாமாரு இருக்காங்க. இப்ப மனசு கஷ்டத்துக்கு போன்ல பேசுறதுக்கு 14416-ன்னு அரசாங்கத்தோட டெலி மானஸ் நம்பர் இருக்கு, போன் பண்ணுனா தமிழ்லயே பேசுறாங்க, 2022-ல தொடங்குனது, நல்ல விஷயம், நானே கடையில எழுதி ஒட்டி வச்சிருக்கேன். ஆனா நேர்ல வந்து, நம்ம பேச்சுலயே கேட்டு, பக்கத்துல உக்காருறதுக்கு நம்ம ஊரு பிள்ளைங்க படிச்சு வரணும்.

சரி, எந்த யுனிவர்சிட்டின்னு விஷயத்துக்கு வாறேன். அதுக்கு முன்னாடி எங்க வீட்டுல நடந்த ஒரு தப்ப சொல்லியே ஆகணும். 2019-ல என் தங்கச்சிக்கு எம்.எஸ்சி சைக்காலஜி படிக்க ஆசை, ஒரு அட்மிஷன் ஏஜென்ட் "வீட்டுல இருந்தே படிக்கலாம், யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டு, முடிச்சதும் டாக்டர் மாதிரி கிளினிக் வைக்கலாம்"னு சொன்னாரு. கரஸ்பாண்டன்ஸ்ல சேத்தோம். அந்த அப்ளிகேஷன டைப் பண்ணி சப்மிட் பட்டன அமுத்துனது நான்தான். ரெண்டு வருஷம் படிச்சு நல்ல மார்க்ல பாஸ் பண்ணிட்டு கிளினிக்கல் ட்ரெய்னிங்குக்கு ஒரு இடத்துல போட்டா, ரெகுலர்ல படிச்சவங்களத்தான் எடுப்போம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப அவ ஒரு ஜவுளிக்கடையில பில் போடுறா. அந்த சர்டிபிகேட் பொய் கிடையாது, ஆனா அவ போக நினைச்ச வழிக்கு அது உதவல, அத முன்னாடியே சொல்ல வேண்டிய ஆளு சொல்லல, கேக்க வேண்டிய நானும் கேக்கல.

இப்ப நிலைமை மாறியிருக்கு. 2025 ஜூலை ஆகஸ்ட் சேர்க்கையில இருந்து சைக்காலஜிய தொலைதூரக் கல்வியிலயும் ஆன்லைன்லயும் நடத்தக் கூடாதுன்னு யு.ஜி.சி. சொல்லிட்டு. டாக்டர், நர்ஸ் தவிர மத்த மருத்துவத் துணைப் படிப்புகளுக்குன்னு 2021-ல வந்த அலைடு ஹெல்த்கேர் சட்டத்துல வாற படிப்புகளோட இதையும் சேத்துட்டாங்க. இது தெரியாம யாராவது "வீட்டுல இருந்தே சைக்காலஜி"ன்னு பணம் கேட்டா தயவு செஞ்சு குடுக்காதீங்க.

இன்னொண்ணு, இங்க நெறைய பேருக்கு தெரியாத விஷயம். பி.எஸ்சி சைக்காலஜி முடிச்சா, மனசு சரியில்லாதவங்கள பாத்து சிகிச்சை குடுக்குற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்ட முடியாது, எம்.எஸ்சி மட்டும் முடிச்சாலும் முடியாது. ஆர்.சி.ஐ.ன்னு சொல்லுற இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரிச்ச ட்ரெய்னிங் முடிச்சு அவங்க ரிஜிஸ்டர்ல பேரு இருக்கணும், 1992-ல வந்த சட்டம் அது, மீறுனா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலுக்கே வழி இருக்கு. இத்தன வருஷமா அதுக்கு முக்கிய வழியா இருந்தது எம்.எஸ்சிக்கு அப்புறம் படிக்கிற எம்.பில். எம்.பில் படிப்பையே யு.ஜி.சி. நிறுத்துனப்ப கூட கிளினிக்கல் சைக்காலஜிக்கு மட்டும் 2025-26 வரைக்கும் நீட்டி குடுத்தாங்க. அதனால அந்தந்த வருஷம் ஆர்.சி.ஐ. வெப்சைட்ட பாத்துத்தான் மேல்படிப்ப முடிவு பண்ணணும். ஸ்கூல் கவுன்சிலர், கம்பெனி எச்.ஆர். இதுக்கெல்லாம் வேற வழி உண்டு, ஆனா பிள்ளை மனசுல நினைச்சிருக்குறது எந்த வேலைன்னு தெரிஞ்சுகிட்டு பின்னோக்கி எண்ணிகிட்டு வரணும், அப்பதான் பி.எஸ்சி எங்க படிக்கணும்னே தெரியும்.

அதனால இந்த தடவை நான் ஏஜென்ட் யாரையும் கேக்கல, பிள்ளைய கூட்டிகிட்டு நேராவே போயி பாத்தேன். மொதல்ல, சும்மா ஒப்பிட்டு பாக்கலாம்னு வேற ஒரு தனியார் காலேஜுக்கு போனோம். பில்டிங் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்குது. லேப் எங்கன்னு கேட்டா "அடுத்த வருஷம் வரும் சார்"னு சொன்னாங்க, சைக்காலஜிக்கு எத்தனை டீச்சர்னு கேட்டதுக்கு பதிலே வரல. சைக்காலஜிக்கு லேப் எதுக்குன்னு கேக்குற பெற்றோர் உண்டு, நானும் அப்படி நினைச்சவன்தான்.

திருவனந்தபுரம் காலேஜுல பாத்தப்பதான் புரிஞ்சுது. அங்க ஒரு டீச்சர் பிள்ளைய உக்கார வச்சு ஒரு பலகைய எடுத்து வச்சாங்க, அதுல நட்சத்திரம் மாதிரி ரெட்டை கோடு போட்ட படம், கைய மறைக்க ஒரு தட்டி, முன்னாடி கண்ணாடி. கைய நேரா பாக்காம கண்ணாடியில பாத்து ரெண்டு கோட்டுக்கு நடுவுல பென்சில ஓட்டணும். வலது பக்கம் போகணும்னு நினைச்சா கை வேற எங்கேயோ போகுது, மூலைக்கு வந்தா பென்சில் அசையவே மாட்டேங்குது, பிள்ளைக்கு நெத்தியில வேர்த்துட்டு. அஞ்சாவது தடவை போடும்போது பாதி நேரத்துல முடிச்சிட்டா. அந்த டீச்சர் ஸ்டாப் வாட்ச்ச காட்டி, "தெரிஞ்ச வேலைய புதுசா கத்துக்குறவனுக்கு எப்படி இருக்கும்னு இப்ப தெரிஞ்சுதா, பக்கவாதம் வந்து கை கால் பழக்குறவங்கள இனி பாத்தா நினைச்சுக்கோ"ன்னு மலையாளமும் தமிழும் கலந்து சொன்னாங்க. நான் கதவு பக்கம் நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு பாதி முடிவு அங்கேயே ஆயிட்டு.

சென்னைய நான் குறைச்சு சொல்லல. சென்னைப் பல்கலைக்கழகத்துல 1943-லயே உளவியல் துறை வந்திருக்கு, நாட்டுலயே பழைய துறைகள்ல ஒண்ணு. நம்ம சாதி சர்டிபிகேட்டுக்கு இட ஒதுக்கீடு அங்கதான் உண்டு, கேரளத்துல வெளி மாநில பிள்ளைன்னா ஜெனரல்ல நிக்கணும். அரசு ஸ்கூல்ல படிச்ச பொண்ணுங்களுக்கு தமிழ்நாட்டு காலேஜ்ல சேந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வருது, அதையும் எங்க அக்கா விரல் மடக்கி கணக்கு பாத்தா. நல்லா படிக்கிற பிள்ளைக்கு, ஹாஸ்டல் செலவு தாங்குற வீட்டுக்கு சென்னை ஒண்ணும் மோசம் கிடையாது. ஆனா பல்கலைக்கழகத்து பேரு பழசுங்கிறதால அதுக்கு கீழ உள்ள ஒவ்வொரு காலேஜுலயும் லேபும் டீச்சரும் அப்படியே இருக்கும்னு நினைக்கக் கூடாது. பல்கலைக்கழகத்துக்குள்ளயே உள்ள துறை வேற, அதோட இணைஞ்ச, அதாவது அஃபிலியேட் ஆன காலேஜ் வேற, இந்த வித்தியாசம் கடைக்கு வர்ற பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு தெரியல.

கேரளத்துல 2024 ஜூலையில இருந்து டிகிரிய நாலு வருஷமாக்கிட்டாங்க. பயப்பட வேண்டாம், மூணு வருஷத்துல முடிச்சுகிட்டு வெளிய வரலாம், நாலாவது வருஷம் இருந்தா ஆனர்ஸ், அப்புறம் பி.ஜி. ஒரு வருஷத்துல முடிக்க வழி இருக்கு. நம்ம ஊருல மூணும் ரெண்டும் அஞ்சு, அங்க நாலும் ஒண்ணும் அஞ்சு. இடையில தமிழ்நாட்டுக்கு மாறி வரணும்னா எந்த வருஷத்துல எந்த சர்டிபிகேட்டோட வர்றோம்ங்கிறத யோசிச்சுக்கணும். ரெண்டாவது மொழியா என்ன எடுக்கலாம்ங்கிறது காலேஜுக்கு காலேஜ் மாறும், மலையாளம் பேச தெரியும் ஆனா எழுத தெரியாதுங்கிற நம்ம பிள்ளைங்க அத சேருறதுக்கு முன்னாடி கேக்கணும்.

எங்க வீட்டுல பெரிய சந்தேகமே மொழிதான். தமிழ்ல கேக்க ஆளு வேணும்னுதானே இந்த படிப்பு, அதுக்கு திருவனந்தபுரத்துக்கு போகணுமான்னு நானே கேட்டேன். அதுக்கும் அந்த டீச்சர்தான் பதில் சொன்னாங்க, ஒருத்தரோட பிரச்சினையையும் குடும்ப விவரத்தையும் கேட்டு எழுதுற கேஸ் ஹிஸ்டரி வேலையெல்லாம் வரும்போது நீ உன் ஊருலயே, உன் பேச்சுலயே ஆளுங்ககிட்ட பேசு, எழுதுறது இங்கிலீஷ்ல எழுது, ரெண்டு இடத்துலயும் கிளாஸ் இங்கிலீஷ்தானேன்னு. பிள்ளை உடனே என் முகத்த பாத்தா. சென்னையில இருந்தா லீவுக்கு லீவு தான் ஊரு, இங்க இருந்தா சனி ஞாயிறு தூத்தூருக்கே போகலாம். அவ திருவனந்தபுரம்னு முடிவு பண்ணிட்டா, பணமும் கட்டியாச்சு. இத சொன்னதால எல்லாரும் அங்க போங்கன்னு அர்த்தம் இல்ல, நாங்க பாத்தது அந்த ஒரு காலேஜுல உள்ள லேபையும் டீச்சரையும். வேற பிள்ளைக்கு வேற காலேஜுல அது கிடைக்கும்.

என் வேண்டுகோள் ஒண்ணுதான். உங்க பேப்பர்ல வருஷா வருஷம் மே மாசம் காலேஜ் விளம்பரம் பக்கம் பக்கமா வருது. அதுக்கு பக்கத்துல ஒரு அரைப் பக்கம் ஒதுக்கி, நம்ம மாவட்டத்துக்கும் அதுக்கு சுத்துவட்டாரத்துக்கும் சைக்காலஜி உள்ள காலேஜ் எல்லாத்துக்கும் எழுதி கேட்டு, உளவியலுக்குன்னே உள்ள நிரந்தர டீச்சர் எத்தனை பேரு, லேப் இருக்கா, ஆஸ்பத்திரி, ஸ்கூல்னு பிள்ளைங்கள வெளிய கூட்டிகிட்டு போறாங்களா, ரெகுலரா தானா, இத மட்டும் போடுங்க. பதில் தராத காலேஜுக்கு நேரா பதில் வரலன்னு போடுங்க. அந்த பக்கத்த நான் பெருசா பிரிண்ட் எடுத்து கடை கண்ணாடியில ஒட்டி வைக்கிறேன், என்னய மாதிரி கடை வச்சிருக்குறவங்க குலசேகரத்துலயும் தக்கலையிலயும் கருங்கல்லயும் இருக்காங்க, அவங்களுக்கும் நானே கொண்டு போயி குடுக்குறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் வாசகர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.