நாற்பது கம்பி கோத்துக் கொடுத்தவர்களுக்கு

உக்கடம் சைக்கிள் கடைப் பெரியவருக்கும், சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகனுக்கும், கம்பியின் இறுக்கத்தை அளக்கிற டென்ஷன் மீட்டர் கொடுத்த தம்பிக்கும், எப்போதும் முன் சீட்டில் இருக்கும் என் மச்சானுக்கும் வணக்கம்.

நேற்றோடு புதுப் பின்சக்கரம் 1,400 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஒரு கம்பிகூட உடையவில்லை. போனில் நன்றி சொன்னால் ஆளாளுக்கு "அட, அதுக்கென்னங்க" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: எனக்குப் பார்வை கிடையாது. எங்களுடையது டேண்டம் சைக்கிள், இரண்டு பேர் மிதிப்பது. ஹேண்டில், பிரேக், கியர் எல்லாம் மச்சான் பொறுப்பு. பின்னால் உட்கார்ந்து மிதிப்பதும், பள்ளம் வருவதை அவர் சொல்ல மறந்தால் திட்டுவதும் என் பொறுப்பு. நாங்களும் சைக்கிளும் சேர்ந்து 161 கிலோ. வாங்கும்போது இருந்த பின்சக்கரத்தில் 32 கம்பிதான். ஆனைகட்டி ரோட்டில் முதல் கம்பி போனது. 'டிங்' என்று ஒரு சத்தம், அப்புறம் வீடு வரைக்கும் பிரேக் கட்டையில் ரிம் உரசுகிற சத்தம். அடுத்த நான்கு மாதத்தில் இன்னும் மூன்று. கொண்டுபோன கடையில் ஒவ்வொரு தடவையும் உடைந்ததை மட்டும் மாற்றிவிட்டு, "ரெண்டு பேர் வெயிட்டு சார், அப்படித்தான் போகும்" என்றார்கள்.

பெரியவரே, நீங்கள் சக்கரத்தைத் தொட்டதுமே "எல்லாம் கொளகொளன்னு கிடக்குது தம்பி" என்றீர்கள். பழைய கம்பி ஒன்றை என் கையில் கொடுத்து, முன்னும் பின்னும் வளைக்கச் சொன்னீர்கள். வளைகிற இடம் சுட்டது, கொஞ்ச நேரத்தில் பட்டென்று ஒடிந்தது. தரைப் பக்கம் வரும்போது கம்பி தளர்கிறது, மேலே போனால் இறுகுகிறது. ஏற்கெனவே தொளதொளவென்று இருந்தால் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பில் மாட்டுகிற கழுத்து இப்படித்தான் ஆடி ஆடி அறுந்துபோகும் என்றீர்கள். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்: 40 கிலோமீட்டருக்குச் சக்கரம் ஏறக்குறைய 19,000 சுற்று சுற்றுகிறது. நான்கு மாதமாக என் தொந்தியைக் குறை சொல்லிக்கொண்டிருந்த மச்சான், இதைத் தயவுசெய்து இரண்டு முறை படிக்கவும்.

"பால் கேன் கட்டற வண்டிக்கே முன்னால 32, பின்னால 40 கம்பி. ரெண்டு ஆளைச் சுமக்கிற வண்டிக்கு 32 போட்டது யாருங்க?" என்று நீங்கள் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்தால், வெளிநாட்டில் டேண்டமுக்கென்றே 40 துளை ஹப்பும் ரிம்மும் செய்கிறார்கள். நம் ஊர் 28 இஞ்ச் ரிம் ஆகாது. டயர் உட்காருகிற இடத்தில் அதன் விட்டம் 635 மில்லிமீட்டர், எங்கள் டயருக்கு வேண்டியது 622.

அத்தை மகனே, சிங்கப்பூரிலிருந்து நீ கொண்டுவந்த அந்த 40 துளை ரிம் எந்தப் பெட்டியிலும் அடங்காமல், தோளில் மாட்டிக்கொண்டு ஏர்போர்ட் முழுக்க நடந்தாயாமே. ஹப்பைப் பார்த்த செக்யூரிட்டிக்காரரிடம் கால் மணி நேரம் சைக்கிள் பாடம் நடத்தினாய் என்றும் அத்தை சொன்னார்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம். வலது பக்கம் 292, இடது பக்கம் 294 மில்லிமீட்டர் கம்பிகள். கியர் பக்கம் ஹப்பின் விளிம்பு நடுவுக்கு நெருங்கியிருப்பதால் அந்த வித்தியாசம். பெரியவர் கோத்து முடித்துக் கோட்டம் எடுத்தார். நான் கம்பிகளை ஒவ்வொன்றாக நகத்தால் மீட்டிக்கொண்டே வந்தேன். வலது பக்கத்தில் ஒன்று மட்டும் சுருதி இறங்கிக் கேட்டது. தம்பி மீட்டரை வைத்தார்: அந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் 110 கிலோ இறுக்கம் பக்கம், அது 95. "மெஷினே வேண்டாம் போல" என்று பெரியவர் சிரித்தார். ஆனாலும் மீட்டர் வேண்டும். ஒரு கம்பி தப்பாக இருந்தால் என் காது சொல்லும், நாற்பதும் சேர்ந்து தப்பாக இருந்தால் சொல்லாது. கடைசியில் அவர் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் நெரித்தபோது சக்கரத்துக்குள் கடகடவென்று சத்தம். உடைந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். முறுக்கு விடுபடுகிறதாம். திரும்பவும் கோட்டம் பார்த்தார். இப்படியே மூன்று தடவை.

இத்தனைக்கும் கூலி 500 ரூபாய். மேலே கொடுத்ததைத் திருப்பி என் சட்டைப் பையிலேயே செருகிவிட்டீர்கள் பெரியவரே. அந்தக் கணக்கை நான் விடப்போவதில்லை.

தம்பி, உங்கள் டென்ஷன் மீட்டர் இன்னும் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. முன்சக்கரத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.