அரிசிப் பையைப் பிடித்த ஏழு கைகளில் ஒன்று என்னுடையது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் உங்கள் நாளிதழின் வேலூர் பக்கத்தில் ஒரு படம் வந்தது. உங்களுக்கு நினைவிருக்காது, அந்த மாதிரி படம் தினமும் நாலு வருகிறது. ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்று, அதைச் சுற்றி ஏழு பேர், ஏழு பேரின் கையும் பையின் மேல், நடுவில் தலையைக் குனிந்தபடி ஒரு பெண், பின்னால் புனித இஞ்ஞாசியார் படம் போட்ட பேனர். அந்த ஏழு கைகளில் ஒன்று என்னுடையது, வாட்ச் கட்டிய கை.

ஜூலை 31, சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரின் திருவிழா. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், சேசு சபைச் சாமியார் ஒருவரிடம் தியானம் செய்தவர்கள், மாதம் ஒருமுறை கூடி ஜெபிப்போம், முடிந்ததைச் செய்வோம். வேலூர் மறைமாவட்டத்தில் சலேசியர் என்ற இன்னொரு துறவற சபையின் பெயர்தான் அதிகம் கேட்கும், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியை எல்லோருக்கும் தெரியும். எங்களைப் போன்ற இஞ்ஞாசியார் ஆட்கள் கொஞ்சம் பேர்தான். அதனாலேயே நாமும் ஏதாவது செய்கிறோம் என்று ஊருக்குத் தெரியட்டும் என்ற ஆசை எங்களுக்குள் இருந்தது. மற்றவர்களை ஏன் சொல்ல வேண்டும், எனக்கு இருந்தது.

பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணைக் கடையில் பார்த்தேன். யார், எந்தத் தெரு என்று சொல்லப் போவதில்லை, ஏற்கெனவே ஊருக்குக் காட்டியதே போதும். "அரிசி நல்லாத்தான் இருந்துச்சுண்ணா. பையன்தான் ஸ்கூல்ல யாரோ போன்ல காட்டுனாங்கன்னு வந்து, அந்த அரிசி வேணாங்கறான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விலைவாசியைப் பற்றிப் பேசுவது போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் பட்டாளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன். இஞ்ஞாசியாரும் பட்டாளத்துக்காரர் என்பதால்தான் முதலில் அவர் மேல் ஒரு பிடிப்பு வந்தது. 1521 மே மாதம் ஸ்பெயினில் பாம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய கால் உடைந்தது. எலும்பு சரியாகக் கூடாமல் முழங்காலுக்குக் கீழே துருத்திக்கொண்டு நின்றது. அந்தக் காலத்து இறுக்கமான பூட்ஸ் போட்டால் அசிங்கமாகத் தெரியும் என்பதற்காக அந்த எலும்பை அறுத்து எடுக்கச் சொன்னாராம், மயக்க மருந்து இல்லாத காலத்தில்! கேமராவே கண்டுபிடிக்காத காலத்திலும் நாலு பேர் பார்வைக்காக மனிதன் என்னவெல்லாம் செய்திருக்கிறான் பாருங்கள். படுக்கையில் கிடந்தபோது கிறிஸ்துவின் வாழ்க்கையையும் புனிதர்களின் கதைகளையும் படித்து மனம் மாறினார், அது பலருக்கும் தெரிந்த கதை.

அதன் பிறகு நடந்த ஒன்றைத்தான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். 1522 மார்ச் 24 இரவு, மொன்செராத் மாதா கோவிலில், தான் போட்டிருந்த விலை உயர்ந்த உடைகளை யாருக்கும் தெரியாமல் ஒரு ஏழைக்குக் கொடுத்துவிட்டுச் சாக்குத் துணியை உடுத்திக்கொண்டார். விடிந்ததும் கிளம்பிவிட்டார். கொஞ்ச தூரம் போவதற்குள் ஒருவர் பின்னாலேயே ஓடிவந்து, அந்த உடைகளை நீங்கள்தான் கொடுத்தீர்களா என்று கேட்டார். அந்த ஏழை அவற்றைத் திருடியிருப்பான் என்று பிடித்து வைத்துத் தொல்லை கொடுத்திருக்கிறார்கள். ஆமாம், நான்தான் கொடுத்தேன் என்று சொல்லும்போதே இஞ்ஞாசியாருக்கு அழுகை வந்துவிட்டது. கொடுத்தவர் நல்ல மனதோடுதான் கொடுத்தார், விளம்பரம்கூட இல்லை, அப்படியும் வாங்கியவன் தலையில் பழி விழுந்தது. நாங்களோ பேனர் கட்டி, போட்டோகிராபரை அழைத்து, செய்தியையும் கையில் எழுதிக் கொடுத்தோம். தியானத்தில் இந்தக் கதையைக் கேட்டபோது அழகான கதை என்று தலையாட்டியவன்தான் நான்.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோவில் வட்டாரத்தில், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபை இருக்கிறது. 1833-இல் பாரிசில் ஓசனாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கியது, இன்று பல பங்குகளில் உண்டு. பெரும்பாலும் வயதானவர்கள், ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு சின்ன அறையில் கூடுவார்கள். கூட்டம் முடிகிறபோது ஒரு துணிப்பை சுற்றி வரும். கையை மூடியபடி உள்ளே விட்டு எடுக்க வேண்டும், பத்து ரூபாய் போட்டவர் யார், ஐநூறு போட்டவர் யார், வெறுங்கையை விட்டு எடுத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. எந்த வீட்டுக்கு உதவி போகிறது என்பதும் அறையை விட்டு வெளியே போகாது. இவர்களை நான் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்து வந்தேன், காலத்துக்கு ஏற்ற மாதிரி மாறத் தெரியாதவர்கள் என்று. சரி, அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் குழு உருப்படியாகச் செய்கிற வேலை ஒன்று உண்டு, அதைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வடக்கிலிருந்து எத்தனை நோயாளிகள் வருகிறார்கள் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியது, எங்கள் கத்தோலிக்கச் சபையுடையதும் அல்ல. காந்தி ரோடு லாட்ஜ்களில் தங்கியிருக்கும் அந்த நோயாளிகளுக்கு எந்த கவுண்டர், எந்தத் தேதி, எந்த ஆட்டோவுக்கு எவ்வளவு என்று சொல்ல ஆள் வேண்டும். பட்டாளத்தில் கற்ற இந்தி எனக்கு அங்கேதான் உதவுகிறது. வாரம் இரண்டு நாள் காலையில் போவேன்.

போன வருஷம் ஜார்க்கண்டிலிருந்து ஒருவர் மனைவியின் வைத்தியத்துக்காக வந்திருந்தார், ஆதிவாசி, கத்தோலிக்கர். என் கழுத்தில் ஜெபமாலையைப் பார்த்ததும் "ஜெய் யேசு" என்றார். அந்தப் பக்கம் 1885-இல் போன லீவன்ஸ் என்ற பெல்ஜியத்துச் சேசு சபைக் குரு, பூசை வைத்ததோடு நிற்காமல் சட்டம் படித்து அந்த மக்களின் நில வழக்குகளுக்காக நின்றவர். நான் தமிழ்நாட்டுக்காரன் என்றதும் அந்த ஜார்க்கண்ட்காரர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டேன் சாமி உங்க ஊரா?" என்பது. திருச்சிப் பக்கம் பிறந்து, அந்த ஆதிவாசிகளோடு வாழ்ந்து, 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் காவலில் இருக்கும்போதே மருத்துவமனையில் இறந்துபோன அந்தச் சேசு சபைச் சாமியாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட லாட்ஜில் தங்கியிருந்த அந்த மனிதருக்கு அதிகம் தெரிந்திருந்தது.

அன்று அவர் அறையில் ஸ்டவ் வைத்துச் சோறும் கீரையும் செய்திருந்தார், சாப்பிடச் சொன்னார். வேண்டாம் என்றேன், நோயாளி வீட்டுச் சோற்றில் பங்கு கேட்பதா என்று. அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, நான் கொடுக்கிறவன், அவர் வாங்குகிறவர் என்று நானே ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். இஞ்ஞாசியார் எழுதிய 'ஆன்மீகப் பயிற்சிகள்' புத்தகத்தில் கடைசியாக வரும் தியானத்தில், அன்பு சொல்லைவிடச் செயலில் தெரிய வேண்டும் என்று ஒரு குறிப்பு உண்டு, அதை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு அடுத்த குறிப்பை யாரும் பேனரில் போடுவதில்லை: அன்பு என்பது இரண்டு பக்கமும் தங்களிடம் உள்ளதைக் கொடுத்து வாங்கிக்கொள்வது. உட்கார்ந்து சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் அதிகம்.

இரவில் ஆன்ம சோதனை செய்வது இஞ்ஞாசியார் வழியில் முக்கியம். அன்றைய நாளுக்கு நன்றி சொல்லி, வெளிச்சம் கேட்டு, காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்து, தவறியதற்கு மன்னிப்பு கேட்டு, நாளைக்கு என்ன என்று தீர்மானிப்பது. எங்கள் ஊர் வெயிலுக்கு வீட்டுக்குள் முடியாது, மொட்டை மாடியில்தான் செய்வேன். பட்டாளத்து ரோல் கால் மாதிரிதான், பெயர் கூப்பிட்டால் ஒவ்வொன்றும் முன்னால் வந்து நிற்கும். ஜூலை 31 இரவும் செய்தேன். எல்லாம் நல்லபடி நடந்தது என்று நன்றி சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். அந்தப் பெண் தலையைக் குனிந்து நின்றது அன்று என் கண்ணில் படவே இல்லை.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். உதவி வாங்குகிறவர்களின் முகம் தெரிகிற படங்களைப் போடாதீர்கள். கோவில், மசூதி, கட்சி, சங்கம், யார் அனுப்பினாலும் சரி. நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள், நியாயமான கேள்விதான். அரிசிக் கடை பில்லைக் காட்டலாம், எத்தனை பை என்று எண்ணிக்கையைச் சொல்லலாம், மூட்டைகள் அடுக்கி வைத்திருப்பதைக்கூடப் படம் எடுக்கலாம். முகம் எதற்கு? செய்தியை நீங்கள் இரண்டு வரியில் போட்டாலும் எங்களுக்குக் குறையில்லை, போடாவிட்டாலும் பரவாயில்லை (இதை எழுதும்போது எனக்கே முழு நம்பிக்கை இல்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்).

எங்கள் குழுவில் இதைப் பேசியபோது இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. படம் போட்டால்தான் நாலு பேர் பார்த்துக் கொடுப்பார்கள் என்கிறார்கள். அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த திருவிழாவுக்குப் பேனர் இல்லை என்பது மட்டும் முடிவாகிவிட்டது, அரிசியை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்றும். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு யார் போவது என்பதில் மட்டும் இன்னும் முடிவு இல்லை. நான் போகக் கூடாது என்கிறாள் என் மனைவி, நான்தான் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் பெயரும் முகவரியும் உங்கள் அலுவலகத்துக்காக உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். அச்சில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
காட்பாடி.