மைதானத்துக்கு அனுப்பும் முன்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

சப்-டிஸ்ட்ரிக்ட் போட்டிக்கான பயிற்சியில், போன வாரம் 800 மீட்டர் ஓடிய ஒன்பதாம் வகுப்புப் பையன் பாதியிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவனுடைய அம்மா வந்து, "இதய வால்வு சுருங்கியிருக்குன்னு டாக்டர் முன்னமே சொன்னாருங்க சார். சொன்னா டீம்ல சேர்க்கமாட்டீங்கன்னு பயந்துட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நம் விளையாட்டுப் படிவத்தில் உயரம், எடை, ரத்த வகை எல்லாம் கேட்டோம், இதைக் கேட்கவில்லை.

கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு கசிந்தால் குழாயில் ஏறிய தண்ணீர் திரும்ப இறங்கிவிடும். நம் ஊரில் இது தெரியாதவர் இல்லை. இதயத்திலும் ரத்தம் திரும்பி வராமலிருக்க அப்படி நான்கு வால்வுகள். சும்மா இருக்கும்போது பெரியவர்களின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. வேகமாக ஓடினால் அது பல மடங்காகும். வால்வு சுருங்கியிருந்தால் அவ்வளவு ரத்தம் போக வழியில்லை, அந்த நேரத்தில்தான் ஆபத்து.

அதற்காக, 'வால்வு' என்ற சொல்லைக் கேட்டதுமே பிள்ளையை வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள். லேசான கசிவு உள்ள பலர் மற்றவர்களைப் போலவே விளையாடலாம். அதிகமாகச் சுருங்கியிருந்தால் போட்டி ஓட்டம் கூடாது. செயற்கை வால்வு பொருத்தி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கபடி வேண்டாம், அடிபட்டால் ரத்தம் எளிதில் நிற்காது. யார் எந்த வகை என்பதை எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும், நானோ பி.டி. சாரோ அல்ல.

அசெம்பிளியில் நின்று மயங்குவது வேறு, ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது வேறு. இரண்டாவது ஒரு தடவை நடந்திருந்தாலும் மறைக்காதீர்கள். ஓடும்போது நெஞ்சு வலிப்பது, கூட ஓடுகிறவர்களைவிட அதிகமாக மூச்சு வாங்குவது, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தது, இவற்றையும் எழுதுங்கள்.

அப்புறம், தொண்டை வலி. சிலருக்கு அது சரியாகக் குணமாகாமல் மூட்டுவலிக் காய்ச்சலாகி வால்வைக் கெடுத்துவிடும். அப்படி வந்த பிள்ளைகளுக்கு டாக்டர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி எழுதியிருப்பார். பரீட்சை என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். அன்று விடுப்புக் கடிதமே வேண்டாம், வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை போதும்.

2017-இல் ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கம் வாங்கிய முண்டூர் சித்ரா நம் பாலக்காடு மாவட்டத்துக்காரர். நம் பிள்ளைகளும் ஓடட்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

புதிய படிவம் இத்துடன் இருக்கிறது. பழைய மருத்துவச் சீட்டு இருந்தால் நகல் சேர்த்து வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். அதுவரை யாரையும் ஓடவிடமாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்