ரங்காவுக்கு, ஆகஸ்ட் துரையைப் பற்றி

அன்புள்ள ரங்கா,

நலம். நீயும் நலம் என்று பாகவதர் சொன்னான். பதில் எழுதத் தாமதம் ஆனதற்கு முட்டி வலி, பேத்தியின் காதுகுத்து என்று சாக்குகள் தயாராக இருக்கின்றன. நீ எதையும் நம்பப் போவதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். உண்மைக் காரணம் நீ அனுப்பிய ‘இங்கிலீஷ், ஆகஸ்ட்’ நாவல். உனக்கு உயிரான புத்தகம், எனக்குப் பிடிக்கவில்லை. உன்னிடம் நாசூக்காகச் சொல்ல வழி தேடினேன். நாற்பது வருஷப் பழக்கத்தில் நமக்குள் நாசூக்கு எங்கே இருந்தது, இப்போது வர?

ஆனால் இன்று எழுதியே ஆக வேண்டும். உன் தங்கை மகன் ஐ.ஏ.எஸ். ஆகி முசௌரியிலிருந்து மாவட்டப் பயிற்சிக்குப் போகிறானாம். நீ அதே புத்தகத்தில் இன்னொன்று வாங்கிப் பரிசுக் காகிதம் சுற்றி வைத்திருக்கிறாயாம். காகிதத்தைப் பிரி. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் கொடு, கொடுக்காமல் போ.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தாலுகா ஆபீஸ்காரனுக்கு இலக்கியம் தெரியாது என்பாய். 1988-ல் ஒருவர் ஐ.ஏ.எஸ்.ஸில் இருந்துகொண்டே அந்த வேலையை இப்படிக் கேலி செய்தது சாதாரணம் இல்லை. உபமன்யு சாட்டர்ஜி 83-ஆம் வருஷம் சேர்ந்தவர், மகாராஷ்டிரத்தில் வேலை பார்த்தவர். வெயிலும் கெஸ்ட் ஹவுஸ் அறையும் வசந்த்தின் சமையலும் கேள்வி ஞானத்தில் எழுதியவை அல்ல. கலெக்டர் ஶ்ரீவாஸ்தவ் மீட்டிங்கில் கத்துகிற இடம் அசல். எனக்கே பழைய கலெக்டர் ஒருவரின் குரல் காதில் விழுந்தது, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு சரி. அந்தக் கதாநாயகன், பயிற்சி ஐ.ஏ.எஸ். அகஸ்திய சென் இருக்கிறானே, சிநேகிதர்களுக்கு ஆகஸ்ட்! அப்பா வங்காள கவர்னர். டெல்லியில் படிப்பு, சிநேகிதர்கள், பாட்டு கேசட். மத்னா என்ற ஊரில் கொண்டுபோய்ப் போட்டதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கஞ்சா, ரோமாபுரி ராஜா மார்க்கஸ் அரேலியஸ் எழுதிய தத்துவம், அப்புறம் நீயும் நானும் ஹாஸ்டலில் பேசாத விஷயமா, அது. நம் அகத்தியர் கடலையே குடித்தவர். இந்த அகத்தியன் ஒரு டம்ளர் கொதிக்க வைத்த தண்ணீருக்கு வசந்த்தோடு மல்லுக்கட்டுகிறான். யார் என்ன கேட்டாலும் வாய்க்கு வந்த பொய்யைச் சொல்கிறான். முதல் இரண்டு பொய்க்குச் சிரித்தேன். அதற்குப் பிறகும் அதே பையன், அதே அறை, அதே கொட்டாவி. அலுப்பைப் பற்றி எழுதும்போது வாசகனுக்கும் அலுக்க வேண்டும் என்பது உன் கட்சியாக இருக்கும். மாதவையாவையும் புதுமைப்பித்தனையும் படித்த வாய் அப்படிச் சொல்லக் கூடாது.

அவன் வேலை செய்யவில்லை என்று எனக்குக் கோபம் இல்லைடா. வேலை செய்யாதவர்களோடுதான் என் சர்வீஸ் முழுக்க ஓடியது. அந்த அலுப்புக்கு ஒரு தொழிற்சாலை உண்டு, ஆசிரியர் அதன் பக்கமே போகவில்லை என்பதுதான் என் புகார்.

நம் தாலுகாவுக்கு ஒருவர் பயிற்சிக்கு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஒல்லியாக, வடக்கத்திக்காரர், நீகூட அவரோடு ஷேக்ஸ்பியர் பேசப் போய்ப் பாதியில் திரும்பினாய். அவர் வருவதற்கு முதல் நாள் எங்கள் தாசில்தார் கூட்டம் போட்டார். அணைக்கட்டைக் காட்டு, சர்க்கரை ஆலையைக் காட்டு, கோயிலில் பரிவட்டம் கட்டச் சொல்லு, மத்தியானம் கோழிக் குழம்பு கனமாகப் போடு, தூங்கட்டும். ரெக்கார்ட் ரூம் பக்கம் மட்டும் விட்டுவிடாதே. எந்தத் தபாலுக்குப் பதில் போனது என்று காட்டும் தன்பதிவேட்டைக் கேட்டால் ஆடிட்டில் இருக்கிறது என்று சொல்லு. பதில் போடாத தபால்கள் சாக்கில் கட்டி வேறு இடத்துக்குப் போயின. எங்கே என்று இப்போதும் எழுத மாட்டேன், பென்ஷன் வாங்குகிறவன். அந்த மனிதர் மாலையில் கெஸ்ட் ஹவுஸ் வராந்தாவில் உட்கார்ந்து, இந்த ஊரில் ஒன்றுமே நடப்பதில்லை என்று வீட்டுக்குக் கடிதம் எழுதியிருப்பார். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்ள நாங்கள் எத்தனை பேர் ஓடினோம் தெரியுமா?

ஜமாபந்தி வந்தது, கிராமக் கணக்குகளை வருஷத்துக்கு ஒரு முறை தணிக்கை செய்கிற சடங்கு. கிராமம் கிராமமாக அடங்கல், சிட்டா, ‘அ’ பதிவேடு என்று பயிர்க் கணக்கும் நிலக் கணக்கும் எல்லாம் மேஜையில் அடுக்கியிருக்கும். நான் பக்கம் புரட்டுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். புரட்டுவதில் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. கேள்வி வரக்கூடிய வரியின் மேல் கட்டைவிரல் தற்செயலாக இருப்பதுபோல இருக்க வேண்டும். ரொம்ப அழுத்தினால் சந்தேகம் வரும். ஹெட்கிளார்க் எனக்குக் கற்றுக்கொடுத்த வித்தை இது. மூன்றாவது கிராமமோ நான்காவதோ, அவர் பேனா முனையால் என் விரலை மெல்ல ஒதுக்கினார். கீழே ‘தரிசு’ என்று எழுதியிருந்தது. காலையில் ஜீப்பில் வரும்போது அந்த இடத்தில் நெல் பார்த்தேனே என்றார், அரைகுறைத் தமிழில். கிராம நிர்வாக அலுவலர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார். தாசில்தார் எழுந்து காபிக்கு ஆள் அனுப்பினார். நான் இருமினேன்.

இதுதான் காமெடி ரங்கா! இந்தப் பக்கமும் பயம், அந்தப் பக்கமும் பயம், நடுவில் ஒரு கட்டைவிரல். அந்த நாவலில் கிளார்க்குகளும் நாயப் தாசில்தார் என்கிற துணைத் தாசில்தார்களும் வருகிறார்கள். வெற்றிலை குதப்புகிறார்கள், கும்பிடு போடுகிறார்கள், வியர்க்கிறார்கள். ஒருவனாவது அகஸ்தியனைத் திரும்பிப் பார்த்து, இவன் எத்தனை மாசம் தாங்குவான் என்று கணக்குப் போட்டானா? அங்கே பார்க்கிற உரிமை அவன் ஒருவனுக்குத்தான். உன் மாணவர்களிடம் இதைச் சொல்லி ஒரு பீரியடை ஓட்டியிருக்கலாம் நீ.

ஒரே ஒரு இடத்தில் கதை முழித்துக்கொள்கிறது. அகஸ்தியன் ஜோம்பன்னாவில் பி.டி.ஓ.வாக, அதாவது வட்டார வளர்ச்சி அதிகாரியாக இருக்கும்போது பழங்குடிப் பெண்கள் தண்ணீர் கேட்டு வருகிறார்கள். சிப்பாந்தி என்ற ஊருக்குப் போகிறான். கிணற்றைச் சுற்றிக் கூட்டம், சத்தமே இல்லை. குழந்தைகளைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, அடியில் இருக்கும் சேற்றைச் சுரண்டித் தண்ணீர் எடுக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். நானும் அப்படிப்பட்ட கோடைகளைப் பார்த்தவன்தான். லாரித் தண்ணீருக்கு அனுமதி கேட்டு, கோப்புக்கு ந.க. எண் போட்டு அனுப்பிய கடிதம், மழை பெய்த பிறகு அனுமதியோடு திரும்பி வந்ததும் உண்டு. அகஸ்தியன் அன்றைக்குத் தண்ணீருக்கு ஏற்பாடு செய்கிறான், ஒரு நாளாவது ஆபீசர் ஆகிறான். இனிமேல்தான் கதை என்று நான் நிமிர்ந்தால், ஆசிரியர் அவனை மறுபடி அவன் மண்டைக்குள்ளேயே கொண்டுபோய் விடுகிறார். காந்தி என்ற வன அதிகாரிக்குக் கை இரண்டும் போகிறதே, அதையும் இப்படித்தான் கடந்து போகிறார். கடைசியில் பையன் ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு ரயில் ஏறுகிறான். அந்தக் கிணற்றில் அடுத்த கோடைக்கு யார் இறங்கினார்கள்?

வெள்ளைக்காரன் ஒருவன் இதைவிட நன்றாகச் செய்திருக்கிறான், கோபித்துக்கொள்ளாதே. லெனார்ட் வுல்ஃப். இருபத்து நான்கு வயதில் சிலோன் சிவில் சர்வீசில் யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். அகஸ்தியனுக்கு மார்க்கஸ் அரேலியஸ் என்றால் இவருக்கு பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் புத்தகங்கள், பெட்டி பெட்டியாக, கூட ஒரு நாய். நண்பருக்கு எழுதிய கடிதங்களில் ஒரே புலம்பல், அலுப்பில் நம் ஆளுக்குக் குறைந்தவர் இல்லை. பிறகு அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை. வேலையை விட்ட பின் 1913-ல் ‘தி வில்லேஜ் இன் தி ஜங்கிள்’ எழுதினார். அதில் துரையின் மனவேதனை கதையே இல்லை. காட்டோரத்துச் சிங்களக் குடும்பம் ஒன்று, கடன், தலைமைக்காரன், பொய்க் கேஸ். வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் ஓர் ஓரத்தில் வருகிறார். ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றுகிறது, இருந்தும் தண்டனை கொடுத்துவிடுகிறார். நகைச்சுவை நாவலோடு இதை ஒப்பிடுவது அநியாயம் என்பாய். அநியாயம்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவன் எதிரே நிற்பவனைப் பார்த்து எழுத முடியும் என்பதற்கு வேறு சாட்சி எனக்கு உடனே கிடைக்கவில்லை.

‘இங்கிலீஷ், ஆகஸ்ட்’டைப் படமாகவும் எடுத்தார்களே, 94-ல், ராகுல் போஸ் நடித்து. தேசிய விருதுகூட வாங்கியது. அதை அனுப்பி வைக்காதே. நாவலின் தொடர்ச்சிக்குச் சாகித்ய அகாதமி விருது கொடுத்தார்கள் என்பதும் தெரியும், அதை வைத்து என்னை அடக்கப் பார்க்காதே.

சரி, பையன் விஷயம். கவலையாகத்தான் இருக்கிறது. இருபத்தைந்து வயதில், தெரியாத ஊரில், மொழி புரியாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறவன் கையில் இந்தப் புத்தகம் கிடைத்தால் ஒன்றும் செய்யாமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று தோன்றிவிடும். கேலி செய்யத் தெரிந்தவன் மேலானவன் என்று தோன்றும். எங்கள் தாசில்தார் மாதிரி ஆட்களுக்கு அதைவிட வேறு வரம் வேண்டாம். கொடுத்தே தீருவேன் என்றால் வுல்ஃபையும் சேர்த்துக் கட்டு.

இல்லாவிட்டால் அவன் கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே கூட்டி வா. பழைய அடங்கல் படிவம் ஒன்று பரணில் கிடக்கிறது. எந்த எந்தக் கலத்தின் மேல் கட்டைவிரல் வரும் என்று அவனுக்குக் காட்டுகிறேன். சாப்பாடு இங்கேதான், கோழிக் குழம்பு கிடையாது. பாகவதரைக் கூட்டி வராதே, சாப்பிட்டதும் பாட ஆரம்பித்துவிடுவான்.

உன்,
மணி