மேஜர் லீக் பேஸ்பாலுக்கு இரண்டு படி கீழே, டபுள்-ஏவில் பந்து வீசும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நல்லா இருக்கியா? இங்கே எல்லோரும் சுகம். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உன் அறையில் இருக்கும் பிள்ளைகள் எட்டிப் பார்த்தாலும் புரியாது. மெதுவாகப் படி. புரியாத இடத்தை அக்காவிடம் கேள், அப்பாவிடம் கேட்காதே.

திங்கட்கிழமை உங்களுக்கு ஆட்டம் கிடையாது. முன்பெல்லாம் அன்று காலையிலேயே போன் பண்ணிவிடுவாய். இப்போது "பஸ்ஸில் இருக்கேன்மா" என்று மெசேஜ் மட்டும் வருகிறது. பஸ்ஸில் இருந்தால் பேசக் கூடாதா? டெக்சஸ் அமரில்லோவிலிருந்து ஆர்கன்சா ஸ்பிரிங்டேல் வரை விடிய விடிய உட்கார்ந்தே போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டை விட்டுவிடாதே. தூக்கத்தையும் விடாதே. அக்கா குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறது, போட்டோ பிறகு அனுப்புகிறேன்.

அப்பா உன் ஆட்டம் ஒன்றையும் விடுவதில்லை. நீ வீசும் ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் அந்த நீல நோட்டில் எழுதுகிறார். மே மாதப் பக்கங்களில் மணிக்கு 95, 96 மைல் என்று இருக்கிறது. போன வாரப் பக்கத்தில் 91, 92. கேட்டால், அமரில்லோ 3,600 அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்று லேசு, பந்து பறக்கும், அதனால்தான் அடி வாங்கினான் என்கிறார். உயரமான ஊரில் அடித்த பந்து தூரமாகப் போகும், சரி. வீசுகிற வேகம் ஏன் குறைய வேண்டும்? அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. நோட்டை மூடிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

உன்னைப் போலவே பந்து வீசும் குமார் ராக்கரைப் பற்றி நேற்று படித்துக்கொண்டிருந்தேன். டீம்கள் புதுப் பிள்ளைகளைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட், 2022-ல் உங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அவன் மூன்றாவது பெயர், நீ பதினெட்டாவது சுற்று. அவனை அதற்கு முந்தைய வருடமே மெட்ஸ் டீம் பத்தாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தார்கள். மருத்துவ அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் விட்டார்கள். தோளில் ஆபரேஷன். 2022-ல் ரேஞ்சர்ஸ் டீம் எடுத்த பிறகு, 2023 மே மாதம் முழங்கையில் டாமி ஜான் ஆபரேஷன், கிழிந்த நாருக்குப் பதில் வேறு நார் கோக்கிற ஆபரேஷன். 2024 செப்டம்பரில் சியாட்டிலில் மேஜர் லீக்கில் பந்து வீசும் மேட்டில் ஏறி நின்றான். அவன் அம்மா இந்திய வம்சாவளி. அந்த மூன்று வருடமும் அவர் எப்படித் தூங்கினாரோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

பந்து வீசும் ஜேக்கப் டிகிராமையும் நினைத்துப் பார். கல்லூரியில் பந்து வீசாமல், ஷார்ட்ஸ்டாப்பாக நின்று பந்து தடுத்த பிள்ளை. 2010-ல் ஒன்பதாவது சுற்றில் எடுத்தார்கள், அந்த வருடமே முழங்கையைத் திறந்தார்கள். மேஜருக்குக் கீழே இருக்கும் மைனர் லீக்கில் ஒரு பெயரும் எடுக்காத நேரம் அது. அவனை யாரும் தூக்கி எறியவில்லை. 2014-ல் மேலே போனான், 2018-லும் 2019-லும் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கினான். 2023-ல் இரண்டாவது ஆபரேஷன், அதற்குப் பிறகும் வீசுகிறான்.

நீ சின்ன வயதில் அந்தக் காலப் பந்துவீச்சாளர் சாண்டி கோஃபாக்ஸ் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தாயே, அவருக்குத்தான் வழியில்லாமல் போயிற்று. முழங்கை மூட்டு தேய்ந்து, ஊசி போட்டுப் போட்டு வீசி, 1966-ல் 27 ஆட்டம் ஜெயித்த கையோடு முப்பது வயதில் நிறுத்திவிட்டார். அதற்கு எட்டு வருடம் கழித்துத்தான், 1974-ல், டாக்டர் ஃபிராங்க் ஜோப் டாமி ஜான் என்ற பந்துவீச்சாளரின் வலது கையிலிருந்து நாரை எடுத்து இடது முழங்கையில் கோத்தார். ஒரு வருடம் முழுக்க ஆடாமல் இருந்து திரும்பி வந்தவர் 46 வயது வரை வீசினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அதற்குப் பிறகு வந்தவை. கோஃபாக்ஸ் காலத்தில் இல்லாதது இப்போது இருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நவம்பர் உன் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். மேஜர் லீக் டீம் தனக்கென்று காத்து வைக்கும் நாற்பது பேர் பட்டியலில் பெயர் வருமா, வராவிட்டால் டிசம்பரில் வேறு டீம் எடுக்குமா என்று. இந்த நேரத்தில் கை வலிக்கிறது என்று சொன்னால் எல்லாம் போய்விடும் என்று நினைப்பாய். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வேகம் குறைந்ததை நம் வீட்டு நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறோம். உன் டீமில் அதை யாரும் பார்க்கவில்லை என்றா நினைக்கிறாய்? ஒவ்வொரு பந்தும் எப்படிச் சுழல்கிறது என்பதுவரை அவர்களிடம் கணக்கு இருக்கிறது.

பதினெட்டாவது சுற்றில் வந்து டபுள்-ஏ வரை ஏறியவன் நீ. உன்னைப் பற்றி அப்பத்தா கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். பட்டம் வாங்க இரண்டு செமஸ்டர் மிச்சம் வைத்துவிட்டுப் போனாயே, அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். ஊதியமும் 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் வருடத்துக்கு 30,250 டாலர் ஆயிற்று, அதற்கு முன் அதில் பாதிகூட இல்லை. உன் கூடப் படித்தவர்கள் வாங்குவதோடு அதை நான் ஒருநாளும் ஒப்பிட்டுப் பேசியதில்லை. நீ மேட்டில் நின்று தொப்பியை இறக்கி விடும்போது எனக்கு வருகிற நிறைவை எந்தச் சம்பளமும் தராது. சாப்பிடுகிறாயா, தம்பி? இராத்திரியில் வெறும் பிரெட்டோடு படுத்துவிடாதே.

ஜூலையில் நான்கு நாள் வந்தாய். அப்பத்தா கோழிக்குழம்பு வைத்தார். நீ ஸ்பூன் கேட்டாய், அதுவும் இடது கைக்கு. "பீச்சாங்கையில சாப்பிடாதடா" என்று அப்பத்தா அதட்டினார், நீ சிரித்து மழுப்பினாய். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முழங்கை எவ்வளவு மடங்க வேண்டும் என்று அன்று இரவு சமையலறையில் நின்று என் கையை மடக்கி மடக்கிப் பார்த்தேன். போன ஆட்டத்தில் இரண்டு பந்துக்கு ஒரு தடவை சுண்டு விரலையும் மோதிர விரலையும் உதறினாய். அந்த இரண்டு விரலும் மரத்துப்போனால் முழங்கை வழியாகப் போகும் நரம்பைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் டாக்டர் சொன்னார். யாருக்கு என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மைதானத்துக்குப் போனதும் முதல் வேலையாக டிரெய்னர் அறைக்குப் போ. எந்த விரல் மரக்கிறது, எந்தப் பந்து வீசும்போது குத்துகிறது, எப்போதிலிருந்து என்று எல்லாவற்றையும் சொல். மாத்திரை போடுகிறாய் என்றால் எத்தனை என்று சொல். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் எடு. காயப் பட்டியலில் போட்டாலும் சம்பளம் நிற்காது, விசாரித்துவிட்டேன். கத்தி வைக்க வேண்டும் என்றால் லீவு போட்டுவிட்டு நான் வந்து உன்னோடு இருக்கிறேன். ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ, ஆகட்டும். உனக்கு வயது 24.

அப்பாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. டிரெய்னரைப் பார்த்த பிறகு அவருக்கு நீயே போன் பண்ணிச் சொல். அவரிடம் சொல்லிவிட்டு என்னிடம் பேசு. நான் செவ்வாய் முழுக்க வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன், எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா